கோடைக்கால இன்டர்ன்ஷிப்: பெருநகர வாடகையைக் கொடுப்பது யார்?

பருவத் தேர்வுகள் முடியும் ஏப்ரல், மே மாதங்களில் புதுச்சேரிக் கல்லூரி மாணவர்களிடையே ஒரு சொல் அதிகம் புழங்கத் தொடங்கும்: இன்டர்ன்ஷிப். சில ஆண்டுகளுக்கு முன்புவரை பொறியியல், எம்.பி.ஏ. மாணவர்களின் சொல்லாக மட்டுமே இருந்த இது, இன்று இதழியல், விஷுவல் கம்யூனிகேஷன், அனிமேஷன், கவின்கலை படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

சுல்தான்பேட்டையிலோ முல்லா வீதியிலோ வசிக்கும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். நன்றாக வரைவாள். காணொளித் தொகுப்பில் தேர்ந்தவள். சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்திற்குத் தன் படைப்புகளை அனுப்புகிறாள். பதில் வருகிறது: "தேர்வாகிவிட்டீர்கள். மே முதல் வாரம் வந்து சேருங்கள். இரண்டு மாதம். ஊக்கத்தொகை கிடையாது. முடிவில் சான்றிதழ் உண்டு."

வீட்டில் மகிழ்ச்சி அரை மணி நேரம்தான் நீடிக்கும். பிறகு தந்தை கேட்கும் முதல் கேள்வி: "எங்கே தங்குவாய்?" அடுத்த கேள்வி: "எவ்வளவு ஆகும்?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் இருக்கும் வீட்டுப் பிள்ளை சென்னைக்குப் பேருந்து ஏறுகிறாள். பதில் இல்லாத வீட்டுப் பிள்ளை மின்னஞ்சலை மூடிவிட்டு ஊரிலேயே இருந்துவிடுகிறாள். இருவரில் யார் நன்றாக வரைபவள் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. நாம் பேச வேண்டிய பிரச்சினை இதுதான்.

கட்டாயமான பயிற்சி, கணக்கில் வராத செலவு

இன்டர்ன்ஷிப் என்பது இனி விருப்பமுள்ளவர் மட்டும் செய்யும் கூடுதல் முயற்சி அல்ல. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பில், கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு 2 முதல் 4 கிரெடிட் வரை ஒதுக்கப்பட்டுள்ளது. பொறியியல் போன்ற தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு முன்பிருந்தே இதை வலியுறுத்தி வருகிறது. பட்டம் பெறுவதற்கான பாதையில் ஒரு படியாகவே பயிற்சி மாறிவிட்டது.

ஆனால் அந்தப் படியில் ஏறுவதற்கான செலவை யார் ஏற்பது என்பதற்கு அந்தக் கட்டமைப்பில் விடை இல்லை. கல்லூரிக் கட்டணத்திற்கு உதவித்தொகை இருக்கிறது. ஊரில் படிக்கும்போது வீட்டுச் சாப்பாடு இருக்கிறது. வெளியூரில் கழிக்கும் அந்த இரண்டு மாதங்கள் மட்டும் எந்தத் திட்டத்தின் கணக்கிலும் வருவதில்லை.

கணக்கைப் போட்டே பார்ப்போம். சென்னையில் நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் ஓர் அறை, விடுதிச் சாப்பாட்டுடன், எவ்வளவு சிக்கனமாகப் பார்த்தாலும் மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் ஆகிவிடும். விடுதிக்கு முன்பணம் தனி. மாநகரப் பேருந்தில் விருப்பம்போல் பயணம் செய்யும் மாத அட்டை 1,000 ரூபாய். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது மாணவிகளுக்கு ஆறுதல். செல்பேசி, இணையம், இடையில் ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாம் சேர்த்தால் இரண்டு மாதத்திற்கு 25,000 ரூபாய்க்குக் குறையாது. கணினி வசதி நிறுவனம் தராவிட்டால், வடிவமைப்பு மென்பொருள் ஓடக்கூடிய மடிக்கணினி தனிச் செலவு. பெங்களூரு, மும்பை என்றால் தொகை இன்னும் ஏறும்.

இதில் எழுதப்படாத செலவு ஒன்றும் உண்டு. விடுமுறையில் தந்தையின் கடையில் நிற்கும் பிள்ளை, ஜவுளிக்கடையிலோ உணவகத்திலோ பகுதிநேர வேலை பார்த்து அடுத்த ஆண்டுக் கட்டணத்தைச் சேர்க்கும் பிள்ளை, இன்டர்ன்ஷிப்புக்குப் போனால் அந்த வருமானத்தையும் இழக்கிறது. பணம் கொடுக்காத பயிற்சி உண்மையில் இலவசம் அல்ல. அதற்கான கட்டணத்தை மாணவரின் குடும்பம் கட்டுகிறது.

பிரதமர் திட்டம் சொல்லும் பாடம்

2024 ஜூலை 23 அன்று தாக்கலான ஒன்றிய பட்ஜெட்டில், ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்கு நாட்டின் 500 முன்னணி நிறுவனங்களில் இன்டர்ன்ஷிப் வழங்கப்படும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தின் முன்னோட்டம் தொடங்கியது. மாதம் 5,000 ரூபாய். அதில் 4,500 அரசின் பங்கு, 500 நிறுவனத்தின் பங்கு. சேரும்போது ஒருமுறை 6,000 ரூபாய். பயிற்சிக் காலம் 12 மாதம்.

முதல் சுற்றில் நடந்தது என்ன? நாடாளுமன்றத்தில் அரசு தந்த விவரங்களின்படி, நிறுவனங்கள் 1.27 லட்சம் வாய்ப்புகளை அறிவித்தன. ஆறு லட்சத்துக்கும் அதிகமான விண்ணப்பங்கள் குவிந்தன. 82,000க்கும் மேற்பட்ட அழைப்புகள் அனுப்பப்பட்டன. அவற்றை ஏற்றுக்கொண்டவர்கள் சுமார் 28,000 பேர். உண்மையில் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 8,700 பேர்தான்.

ஆறு லட்சம் விண்ணப்பங்கள் எங்கே, எட்டாயிரத்துச் சொச்சம் பேர் எங்கே! இளைஞர்களுக்கு ஆர்வம் இல்லை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆர்வம் இல்லாதவர் விண்ணப்பிக்கவே மாட்டார். பயிற்சி நடக்கும் இடம், வேலையின் தன்மை, பயிற்சிக் காலத்தின் நீளம் ஆகியவை தடைகளாக இருந்ததை அரசே ஒப்புக்கொண்டது. சொந்த ஊரைவிட்டு வேறு நகரத்தில் 5,000 ரூபாயில் ஒரு மாதத்தை ஓட்ட முடியுமா என்று ஒவ்வொரு வீட்டிலும் கணக்குப் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கின் விடைதான் இந்த 8,700.

நம் மாணவியின் நிலையைப் பொறுத்தவரை இதில் இன்னொரு செய்தி இருக்கிறது. முன்னோட்ட விதிகளின்படி இந்தத் திட்டம் 21 முதல் 24 வயதுக்கு உட்பட்ட, முழுநேரக் கல்வியிலும் முழுநேர வேலையிலும் இல்லாதவர்களுக்கானது. கல்லூரியில் படித்துக்கொண்டே கோடை விடுமுறையில் பயிற்சிக்குப் போகும் மாணவர் அதில் சேர முடியாது. பக்கத்து மாநிலத்தில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டம் தமிழ்நாட்டு மாணவர்களுக்கானது. கடலூர் மாணவருக்குத் திறக்கும் அந்தக் கதவு, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரியாங்குப்பம் மாணவருக்குத் திறப்பதில்லை. ஒன்றியப் பிரதேசமாக இருப்பதால் வரும் இடைவெளி இது.

சட்டத்தின் இரு தூண்களுக்கு நடுவே

ஒரு நிறுவனத்தில் காலை முதல் இரவு வரை வேலை பார்க்கும் இன்டர்னுக்குச் சட்டத்தில் என்ன பெயர்? பெரும்பாலான நேரங்களில் எந்தப் பெயரும் இல்லை என்பதே விடை.

தொழில் பழகுநர்களுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி பதிவு செய்யப்பட்ட பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்சம் 9,000 ரூபாய் என 2019இல் திருத்தப்பட்ட விதிகள் நிர்ணயித்தன. ஊழியர்களுக்கு ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. கல்லூரியிலிருந்து இரண்டு மாதத்திற்கு வரும் மாணவர் பொதுவாகப் பதிவு பெற்ற பழகுநராகவும் இருப்பதில்லை, ஊழியராகவும் கருதப்படுவதில்லை. ஆகவே அவருக்கு ஊக்கத்தொகை தருவதும் தராததும் நிறுவனத்தின் மனத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

ஆனாலும் இன்டர்ன்கள் முற்றிலும் பாதுகாப்பற்றவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், 'ஊழியர்' என்பதற்குள் பயிற்சியாளரையும் சம்பளமில்லாமல் வேலை செய்பவரையும் சேர்த்தே வரையறுக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில் இதற்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனம் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் செய்யலாம். மகளை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது.

படைப்புத் துறைக்கே உரிய இன்னொரு உரிமையும் உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலை ஒப்பந்தத்தின் கீழோ பழகுநர் ஒப்பந்தத்தின் கீழோ உருவாக்கப்படும் படைப்பின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாதபோது, வேலை கொடுப்பவர். அப்படிப்பட்ட ஒப்பந்தமே இல்லாத இன்டர்ன் வரைந்த சின்னத்தின் உரிமை யாருடையது? பலர் இதைக் கேட்பதே இல்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்துமூலம் நடக்க வேண்டும் என்கிறது சட்டம். உரிமை கைமாறிய பிறகும், 'இதைப் படைத்தவன் நான்' என்று கோரும் உரிமை படைத்தவரிடமே நிற்கிறது.

மின்னும் துறையின் மறுபக்கம்

2025 மே 1 முதல் 4 வரை மும்பையில் நடந்த 'வேவ்ஸ்' உச்சி மாநாட்டில், படைப்புப் பொருளாதாரம் இந்தியாவின் அடுத்த பெரிய பாய்ச்சல் என்ற முழக்கம் உரத்து ஒலித்தது. திரைப்படம், அனிமேஷன், விளையாட்டு மென்பொருள், விளம்பரம் எல்லாவற்றிலும் வேலைகள் பெருகும் என்ற நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தத் துறை தன் உழைப்பாளிகளை நடத்தும் விதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அதற்குப் புதுச்சேரிக்காரர்களுக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. ஆங் லீ இயக்கிய 'லைஃப் ஆஃப் பை' படத்தின் காட்சிகள் 2011இல் நம் தாவரவியல் பூங்காவிலும் தெருக்களிலும் எடுக்கப்பட்டன. அந்தப் படத்தின் புலியையும் கடலையும் கணினியில் உயிர்ப்பித்ததில் பெரும்பங்கு ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்ற நிறுவனத்துடையது. 2013 பிப்ரவரி 24 அன்று சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருது அந்தப் படத்திற்குக் கிடைத்தது. அதற்கு இரண்டு வாரங்களுக்கும் குறைவான நாள்களுக்கு முன்புதான் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்திருந்தது. விழா அரங்கிற்கு வெளியே காட்சி விளைவுக் கலைஞர்கள் நூற்றுக்கணக்கில் கூடிப் போராடினர். திரையில் பளபளப்பு, அதன் பின்னால் சம்பள பாக்கி: இந்த முரண் அன்றே உலகத்தின் கண்ணில் பட்டது.

சம்பளமில்லா இன்டர்ன்ஷிப் பற்றிய புகழ்பெற்ற வழக்கும் திரைத்துறையிலிருந்தே வந்தது. 'பிளாக் ஸ்வான்' படத் தயாரிப்பில் ஊதியமின்றி வேலை செய்த இன்டர்ன்கள் 2011இல் அமெரிக்காவில் ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். 2013இல் கீழ்நீதிமன்றம் அவர்களை ஊழியர்களாகவே கருத வேண்டும் என்றது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை விலக்கி வேறோர் அளவுகோலை வைத்தது: இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பயனடைவது மாணவரா, நிறுவனமா? மறு ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

வழக்கின் முடிவு எப்படியிருந்தாலும், அந்தக் கேள்வி நமக்கு உதவும். இரண்டு மாதமும் காபி வாங்கி வந்து, கோப்புகளுக்குப் பெயர் மாற்றி, வாடிக்கையாளருக்குப் போகும் காணொளிகளை நள்ளிரவு வரை வெட்டி ஒட்டிக் கொடுத்தால், பயனடைந்தவர் யார்? ஒரு மூத்த கலைஞர் பக்கத்தில் அமர்த்தி, செய்த பிழையைக் காட்டித் திருத்தியிருந்தால், பயனடைந்தவர் யார்? சேர்வதற்கு முன்பே மாணவர் இதை விசாரிக்கலாம்.

பிரான்சு செய்தது

புதுச்சேரியை ஆண்ட பிரான்சு இதில் என்ன செய்திருக்கிறது என்று பார்ப்பது பொருத்தம். அங்கே மாணவர் பயிற்சிக்கு 'ஸ்தாழ்' என்று பெயர். மாணவர், கல்வி நிறுவனம், தொழில் நிறுவனம் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் இல்லாமல் அதைத் தொடங்க முடியாது. இரண்டு மாதங்களைத் தாண்டும் பயிற்சிக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகையைத் தந்தே ஆக வேண்டும். ஒரே கல்வியாண்டில் ஒரே நிறுவனத்தில் ஆறு மாதத்திற்கு மேல் பயிற்சி என்று வைத்துக்கொள்ள முடியாது. 2014 ஜூலை 10 தேதியிட்ட சட்டம் இந்த விதிகளை இறுக்கியது. நிரந்தர ஊழியர்களுக்குப் பதிலாக இன்டர்ன்களைக் கொண்டே அலுவலகம் நடத்துவதைத் தடுக்க, எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு.

அந்தச் சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. இரண்டு மாதத்திற்குள் முடியும் பயிற்சிக்குப் பணம் தரும் கட்டாயம் அங்கும் இல்லை. ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்ற ஒரு விதியே பாதி ஏமாற்றுகளைத் தடுத்துவிடும். பிரிட்டனில் சட்டன் டிரஸ்ட் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வு, லண்டனில் சம்பளமில்லா இன்டர்ன்ஷிப் செய்ய மாதம் குறைந்தது 1,100 பவுண்டு கைக்காசு வேண்டும் என்று கணக்கிட்டது. ஊர் எதுவானாலும் வசதியற்ற வீட்டுப் பிள்ளையைத் தடுத்து நிறுத்துவது வாடகைதான்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

ஊடகம் நம்மைத் தவறாகக் காட்டுகிறது, சினிமா நம்மைக் கொச்சைப்படுத்துகிறது என்று அடிக்கடி வருந்துகிறோம். அந்த ஊடகத்தின் முடிவெடுக்கும் மேசைகளில் யார் அமர்ந்திருக்கிறார்கள்? 2006இல் யோகேந்திர யாதவ், அனில் சமாரியா, ஜிதேந்திர குமார் ஆகியோர் டெல்லியில் உள்ள தேசிய ஊடகங்களின் 315 உயர்பொறுப்பாளர்களைப் பற்றி ஆய்வு செய்தனர். அவர்களில் தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. முஸ்லிம்களின் பங்கு மக்கள்தொகைப் பங்கைவிட மிக மிகக் குறைவு. அந்த மேசைக்குப் போகும் வழி செய்தி அறையின் கடைசி நாற்காலியில், இன்டர்னாகத்தான் தொடங்குகிறது. அந்த நாற்காலிக்கே போக முடியாதவர் மேசைக்கு எப்படிப் போவார்?

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுவரும் உண்டு. பெருநகரங்களில் பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்று சொல்லப்படுவது பலருக்கும் அனுபவம். தலைநகர்ப் பகுதியில் சுகதேவ் தோரட் குழுவினர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, வாடகைக்கு வீடு கேட்கும் தலித்துகளும் முஸ்லிம்களும் மற்றவர்களைவிட அதிகம் மறுக்கப்படுவதைப் பதிவு செய்தது. இரண்டு மாதத்திற்கு அறை தேடும் மாணவருக்கு அந்த மறுப்பு கூடுதல் வாடகையாகவும் கூடுதல் தூரமாகவும் மாறுகிறது.

செய்ய வேண்டியவை

மாணவர்கள்: சேரும் முன் நான்கு விஷயங்களை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வேலை நேரம் எவ்வளவு? வழிகாட்டுபவர் யார்? ஊக்கத்தொகை உண்டா? செய்த வேலையை உங்கள் தொகுப்பில் காட்டலாமா, பெயர் போடுவார்களா? இன்டர்ன்ஷிப் தருவதற்கு உங்களிடமே பணம் கேட்டால் விலகிவிடுங்கள். பயிற்சியின் பெயரால் சான்றிதழ் விற்பவர்கள் பெருகிவிட்டார்கள்.

கல்லூரிகள்: பயிற்சிக்கு கிரெடிட் தருவதோடு பொறுப்பு முடிவதில்லை. முத்தரப்பு ஒப்பந்தத்தைக் கல்லூரியே தயாரிக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. சென்னை, பெங்களூருவில் பணிபுரியும் முன்னாள் மாணவர்களின் பட்டியலைத் துறைதோறும் வைத்திருந்தால் பாதி விண்ணப்பங்கள் சரியான மேசைக்குப் போகும். உள்ளூரிலேயே ஆரோவில் வடிவமைப்புக் கூடங்கள், பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புப் பணிகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் கற்க முடிந்ததை முதலில் கற்றுவிட்டுப் பெருநகரம் போவது புத்திசாலித்தனம்.

அரசு: புதுச்சேரி அரசு பெரிய திட்டம் போட வேண்டியதில்லை. குறைந்த வருமானக் குடும்ப மாணவருக்கு இரண்டு மாதத் தங்குமிடச் செலவை, கல்லூரி ஒப்பந்தத்தைக் காட்டியதும் தரும் ஒரு சிறு நிதி போதும். தமிழ்நாட்டின் 'தோழி' விடுதிகள் போன்றவற்றில் புதுச்சேரி மாணவிகளுக்குக் குறுகிய கால இடம் பெற்றுத் தருவது இரு அரசுகளும் பேசித் தீர்க்கக்கூடிய காரியம். பிரதமர் திட்டத்தின் அடுத்த கட்டத்தில் கோடைக்காலக் குறும்பயிற்சிகளையும் சேர்க்க வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

ஜமாஅத்களும் சமுதாய அமைப்புகளும்: கல்விக் கட்டணத்திற்கு உதவுவதில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். அதில் ஒரு பகுதியை இந்த இரண்டு மாதத்திற்கு ஒதுக்குவோம். பைத்துல்மால் நிதியிலிருந்து ஆண்டுக்குப் பத்து மாணவர்களுக்கு 25,000 ரூபாய் என்றால் இரண்டரை லட்சம். ஒரு திருமண விருந்தின் செலவைவிடக் குறைவு. சென்னையில் நம்மவர்கள் நடத்தும் விடுதிகளும் கல்லூரிகளும் மே, ஜூன் மாதங்களில் காலியாக இருக்கும் அறைகளைத் திறந்துவிட்டால் அந்தத் தொகையும் பாதியாகக் குறையும்.

கடைசியாக, நிறுவனம் நடத்தும் நம்மவர்களுக்கு: புதுச்சேரியில் அச்சகம், டிஜிட்டல் மார்க்கெட்டிங், புகைப்பட நிலையம் நடத்தும் முஸ்லிம்கள் பலர் உண்டு. உழைத்தவருக்குரிய கூலியைத் தாமதமின்றிக் கொடுப்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமை. 'கற்றுக்கொள்ளத்தானே வந்திருக்கிறான்' என்ற சாக்கு அந்தக் கடமையைத் தள்ளுபடி செய்துவிடாது. அவன் செய்த வேலைக்கு வாடிக்கையாளரிடம் ரசீது போட்டிருந்தால், அதில் அவனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அடுத்த ஏப்ரலிலும் அந்த மின்னஞ்சல் வரும். "எங்கே தங்குவாய், எவ்வளவு ஆகும்?" என்று அந்தத் தந்தை கேட்கும்போது பதில் சொல்ல அவருடைய மஹல்லாவிலிருந்து யாராவது ஒருவர் அருகில் இருப்பாரா? இந்த ஆண்டே முடிவு செய்துவிட்டால் இருப்பார்.